பாட்டன் பெயர் சொல்லும் கல்: கொங்கு, தகடூர் நாட்டுச் சமண வணிகர் நினைவுகள்

சேலம் நகருக்குத் தெற்கே, ஜருகுமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது பனமரத்துப்பட்டி. அரளிப் பூ விளைச்சலுக்கும், சேலம் நகரின் குடிநீர்த் தேவைக்காக 1911-ஆம் ஆண்டில் உருவாக்கப்பெற்ற பெரிய ஏரிக்கும் பெயர் பெற்ற ஊர் இது. ஊரின் பெயரிலேயே பனை நிற்கின்றது. தாள் பரவுவதற்கு முன் தமிழகத்தில் கல்வியும் கணக்கும் பனையோலையிலேயே நடைபெற்றன. அரிச்சுவடி எழுதியதும் ஓலை. ஆகமம் எழுதியதும் ஓலை. வணிகர் தம் பற்றுவரவைக் குறித்து வைத்ததும் ஓலை. ஓலைக்கு ஓர் இயல்பு உண்டு. காலந்தோறும் எவரேனும் ஒருவர் அதனைப் பார்த்துப் படியெடுத்து வந்தாலன்றி அது நிலைக்காது. முன்னோர் நினைவுக்கும் இதுவே இயல்பு.

சேலம், நாமக்கல் சமவெளியிலுள்ள எந்தக் கடைவீதிக்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். மண்டியாயினும் ஜவுளிக் கடையாயினும் நகைக் கடையாயினும், கல்லாப்பெட்டிக்கு மேலே சுவரில் முதியவர் ஒருவரின் படம், சந்தன மாலையுடன் தொங்கும். அவரே கடையைத் தொடங்கியவர். மகன் அவரைப் பற்றி நிறையப் பேசுவார். பேரன் ஒன்றிரண்டு செய்திகள் சொல்வார். பேரனின் மகனைக் கேட்டால், “பெரிய தாத்தா” என்பதற்கு மேல் ஒன்றும் தெரிந்திராது. கடை இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும், தொடங்கியவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எதை விற்றார், யாருக்குக் கொடுத்தார் என்பன மறைந்திருக்கும். மூன்றே தலைமுறையில் ஒரு மனிதரின் வாழ்க்கை வெறும் படமாகிவிடுகின்றது.

தமிழில் ‘பேரன்’ என்னும் சொல் ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பெயரைத் தாங்குதல் என்பது பெயர் சூட்டுவிழாவோடு முடிந்துவிடும் செயலா? இவ்வினாவுக்குக் கொங்கு நாட்டிலும் தகடூர் நாட்டிலும் உள்ள சமணக் கல்வெட்டுகள் சில தெளிவான விடை தருகின்றன. அவை வணிகக் குடும்பங்களும் அரச குடும்பங்களும் தம் மூத்தோரை எவ்வாறு நினைவிற் கொண்டன என்பதற்குச் சான்றாகும்.

புகழூர்க் குன்றில் மூன்று தலைமுறை

நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் வழியாகக் கரூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை, காவிரியைக் கடந்ததும் வேலாயுதம்பாளையத்தை அடைகின்றது. அங்குள்ள ஆறுநாட்டான் மலையின் மேல் முருகன் கோயில் உள்ளது. மலையின் இடையிலுள்ள இயற்கைக் குகைத்தளங்களில் சமண முனிவர் தங்குவதற்கு வெட்டப்பெற்ற கற்படுக்கைகளையும், அவற்றின் அருகே தமிழ்ப் பிராமி எழுத்துகளையும் காணலாம். இவையே வரலாற்றுலகில் புகழூர்க் கல்வெட்டுகள் எனப் பெயர் பெற்றவை.

இவற்றுள் முதன்மையானது சேர மன்னர் குடும்பத்தைப் பற்றியது. யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் சமணத் துறவிக்குரிய உறையுள் இது என்பதனைக் கூறி, அதற்குக் கல் அறுத்துக் கொடுத்த காலத்தையும் அது குறிக்கின்றது. கோ ஆதன் செல்லிரும்பொறை. அவர் மகன் பெருங்கடுங்கோ. பெருங்கடுங்கோவின் மகன் இளங்கடுங்கோ. இளங்கடுங்கோ இளவரசனாகப் பட்டம் ஏற்ற நாளில் இக்கொடை அளிக்கப்பெற்றது. ஐராவதம் மகாதேவன் 1960-களில் இக்கல்வெட்டை ஆராய்ந்து, இம்மூவரையும் பதிற்றுப்பத்துப் போற்றும் சேர வேந்தரோடு இணைத்துக் காட்டினார். சங்க காலத்தைக் கணிப்பதற்கு இக்கல்வெட்டு பெருந்துணையாயிற்று.

வரலாற்றாசிரியர் இதில் அரச மரபையும் காலத்தையும் தேடுவர். ஒரு குடும்பத்தின் கண்கொண்டு பார்ப்பவர்க்கு வேறொரு செய்தியும் புலப்படும். பட்டம் ஏற்றவன் பேரன். விழா அவனுடையது. ஆயினும் கல்லில் பாட்டனின் பெயரே முதலில் வருகின்றது, அடுத்துத் தந்தை, அதன் பின்னரே பேரன். இன்ப நாளொன்றில் துறவிக்கு இடம் அமைத்துக் கொடுத்து, அக்கொடையைப் பாட்டன் பெயரிலிருந்து தொடங்கி எழுதச் செய்தனர். ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் கழிந்த பின்னும் அம்மூவர் பெயரும் அவ்வரிசையிலேயே நிற்கின்றன.

தொழிலைப் பெயருக்கு முன் வைத்தோர்

அதே குன்றில் வேறொரு கல்வெட்டும் உண்டு. அதில் அரச மரபு இல்லை, போர்ப்புகழும் இல்லை. கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பவர் அமைத்துக் கொடுத்த இருக்கை என்பதே அதன் பொருள். கருவூர் என்பது இன்றைய கரூர். நத்தி எத்துணைப் பொன் சேர்த்தார், எத்தனை வீடு கட்டினார் என்பவற்றைக் கல் சொல்லவில்லை. ஊர், தொழில், பெயர், கொடை ஆகிய நான்கை மட்டும் சொல்கின்றது. சேர வேந்தனுக்குக் கிடைத்த அதே பாறை அவருக்கும் கிடைத்தது.

இவ்வாறு தொழிலைப் பெயருக்கு முன் வைத்து எழுதும் வழக்கம் புகழூரில் மட்டும் காணப்படுவதன்று. மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலைக் குகைத்தளத்தில் உப்பு வணிகன் வியக்கன், பணித வணிகன் நெடுமல்லன், கொழு வணிகன் இளஞ்சந்தன் எனப் பலர் பெயர் வெட்டப்பட்டுள்ளன. பணிதம் என்பது வெல்லப்பாகு. கொழு என்பது ஏர்முனை. துணி விற்ற அறுவை வணிகரும் பொற்கொல்லரும் அங்கே உளர். மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தோர், அதாவது வணிகக் குழுவினர், கூடிச் செய்த கொடை பதிவாகியுள்ளது. உப்பு விற்பவரும் ஏர்முனை விற்பவரும் தம் தொழிலை மறைக்கவில்லை. அதனையே தம் அடையாளமாகக் கல்லில் ஏற்றினர்.

இதற்குச் சமண அறத்தில் அடிப்படை உண்டு. ஆதிபகவன் இவ்வுலகத்தார்க்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் வாணிகமும் ஒன்று என்பது மரபு. வாள், எழுத்து, உழவு, கல்வி, சிற்பம் ஆகியவற்றோடு ஒப்ப வைத்து எண்ணப்பட்ட தொழில் அது. அத்தொழிலுக்கு வரம்பும் வகுக்கப்பட்டது. உமாசுவாமி முனிவரின் தத்துவார்த்த சூத்திரம், கள்ளாமை விரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்தினை எண்ணிக் காட்டுகின்றது. பிறரைத் திருடத் தூண்டுதல், திருடிய பொருளை வாங்குதல், அரச ஆணைக்கு மாறாக வாணிகம் செய்தல், கொடுக்கும்போது குறைந்த அளவையும் கொள்ளும்போது மிகுந்த அளவையும் பயன்படுத்துதல், கலப்படப் பொருளை நற்பொருள் என விற்றல் என்பன அவை. ஐந்தும் கடைவீதியில் நேரக்கூடியவை. இல்லறத்தார் தம் செல்வத்துக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்ளல் வேண்டும் என்பதும் ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று. எல்லையைக் கடந்து வரும் பொருள் தானத்துக்கு உரியது. உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என அத்தானம் நால்வகைப்படும்.

ஆகவே ‘பொன்வாணிகன் நத்தி’ என்னும் தொடரில் ஒரு வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கின்றது. பிழையற்ற தராசோடு நடத்திய தொழில் என்று சொல்லிக்கொள்ளும் துணிவு உடையவரே தம் தொழிலின் பெயரை முனிவர் தங்கும் இடத்தில் பொறிக்க ஒருப்படுவார்.

தகடூர்ச் செட்டியின் மக்கள்

புகழூர்க் கல்வெட்டுக்குப் பின்னர் ஏறத்தாழ அறுநூறு, எழுநூறு ஆண்டுகள் கடந்து, சேலத்துக்கு வடக்கே தகடூருக்கு வருவோம். இன்றைய தருமபுரியே பண்டைத் தகடூர். அதியமான்களுக்குப் பின் பல்வேறு அரசர் கைக்கு மாறிய அந்நகர், ஒன்பதாம் நூற்றாண்டின் கடைப்பகுதியில் நுளம்ப மன்னன் மகேந்திரனின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்துக் கன்னடக் கல்வெட்டு ஒன்று தருமபுரியில் கிடைத்துள்ளது.

ஸ்ரீமங்கலத்தைச் சேர்ந்த செட்டி ஒருவரின் மக்கள் நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் இருவர். இவர்கள் தகடூரில் ஒரு பசதி, அதாவது சினாலயம், எடுப்பித்தனர். கோயில் எடுத்ததோடு அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. நிதியண்ணன், மன்னனிடமிருந்து மூலப்பள்ளி என்னும் ஊரைப் பெற்று, அதனைக் கனகசேன சித்தாந்த படாரர் என்னும் ஆசிரியரிடம் ஒப்படைத்தார். மூலசங்கத்துச் சேன அன்வயத்துப் பொகரிய கணத்தைச் சேர்ந்த விநயசேன சித்தாந்த படாரரின் மாணாக்கர் இவர். பசதியின் பழுதுபார்ப்பும் வழிபாடும் அவ்வூரின் வருவாயிலிருந்து நடைபெற வேண்டும் என்பது ஏற்பாடு. பின்னர், மகேந்திரனின் மகன் ஐயப்பதேவன் காலத்தில் உலோகய்யன் என்பவர் புதுகூர் என்னும் ஊரைப் பெற்று அதே பசதிக்கு வழங்கினார். தந்தை காலத்தில் தொடங்கிய அறத்துக்கு மகன் காலத்தில் மேலும் வலிமை சேர்ந்தது.

வணிகக் குடும்பத்தின் நுண்ணறிவை இங்கே காணலாம். கடை நடத்துபவர்க்கு முதல் வேறு, வரவு வேறு என்பது தெரியும். கட்டடம் மட்டும் கட்டிவிட்டால் அது ஒரு முறை செய்த செலவாக முடியும். அதற்கென ஒரு வருவாயை ஒதுக்கி, பொறுப்பேற்க ஓர் ஆசிரியரையும் குறித்து வைத்தால்தான் அது நிலைத்த அறமாகும். கோயில் கட்டும்போதே அது பழுதுபடும் நாளையும் எண்ணிப் பார்த்தவர் நிதியண்ணன். தந்தையிடம் கற்ற கணக்கை மகன் அறத்துக்குப் பயன்படுத்தினார் என்று கொள்வதில் தவறில்லை.

பெண்மக்களும் இவ்வாறே செய்தனர். போளூருக்கு அருகிலுள்ள திருமலையில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை சினாலயத்துக்கு ஒரு நந்தா விளக்கு வைத்தார். விளக்குக்கு 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் அளித்ததாகக் கல்வெட்டுக் கூறுகின்றது. அங்கும் கொடையோடு அதனைத் தொடர்ந்து நடத்துவதற்கான முதலும் சேர்ந்தே வருகின்றது. கணவரின் தொழிலும் பெயரும் மனைவியின் அறத்தால் இன்றளவும் அறியப்படுகின்றன.

முன்னோன் வைத்ததைப் பின்னோன் புதுக்கினான்

அதே திருமலையில், தகடூர் நாட்டோடு தொடர்புடைய வேறொரு கல்வெட்டு உண்டு. சமணர் ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் சென்று வழிபட விரும்பும் நேமிநாதர் திருவுருவம் அமைந்த தலம் அது. அங்கே சேர மரபைச் சேர்ந்த எழினி என்பவர் பண்டைக் காலத்தில் இயக்கன், இயக்கி திருவுருவங்களை நிறுவியிருந்தார். காலப்போக்கில் அவை சிதைந்தன. அம்மரபில் வந்த தகடூர் அதிகைமான் விடுகாதழகிய பெருமாள் என்னும் தலைவர் அவற்றைச் சீர்ப்படுத்தி மீண்டும் எழுந்தருளச் செய்தார். எறிமணி ஒன்றையும் அளித்தார். நீர்க்கால் ஒன்றையும் அமைத்தார்.

விடுகாதழகிய பெருமாள் தம் பெயரால் புதிய திருவுருவங்கள் நிறுவியிருக்கலாம். அவர் முன்னோன் வைத்ததையே தேடிச் சென்று புதுக்கினார். கல்வெட்டிலும் முதலில் நிறுவியவர் எழினி என்பதனை மறவாமல் எழுதுவித்தார். அதனால் எழினியின் கொடையும் இன்று அறியப்படுகின்றது. பின்னோன் பழுது பார்த்திராவிடில் முன்னோன் பெயரும் சேர்ந்து அழிந்திருக்கும். மூதாதையை நினைத்தல் என்பது இங்கே புகழுரையாக நிற்கவில்லை, திருப்பணியாக நடந்தேறியது.

அகமதாபாத்தில் ஒரு பாட்டனார்

இது பழங்காலத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. இருபதாம் நூற்றாண்டில் இந்தியாவின் பெருந்தொழில் குடும்பங்களுள் ஒன்றில் இதே நெறியைக் காணலாம். வழிபாட்டு மரபில் சுவேதாம்பரராயினும், தமிழ்ச் சமணரும் அறியத்தக்க வாழ்க்கை கஸ்தூர்பாய் லால்பாயினுடையது.

அகமதாபாத்தில் 1894-ஆம் ஆண்டு பிறந்த அவர், 1912-இல் தந்தை லால்பாய் தல்பத்பாய் மறைந்தபோது பதினேழு வயதுக் கல்லூரி மாணவர். படிப்பை நிறுத்திவிட்டுக் குடும்பத்தின் ராய்ப்பூர் ஆலைக்குச் சென்றார். பஞ்சு வாங்கும் நுட்பம் முதலாக ஆலைத்தொழிலைப் படிப்படியாகக் கற்றார். 1931-இல் உடன்பிறந்தாரோடு அரவிந்த் ஆலையை நிறுவினார். நாடு விடுதலை பெற்ற பின் சாயப்பொருள், வேதிப்பொருள் துறையில் அதுல் நிறுவனத்தை உருவாக்கினார். அரவிந்த் நிறுவனத்தைப் பின்னர் அவர் பேரன் தலைமையேற்று நடத்தி வருகின்றார்.

இக்குடும்பத்தின் மூதாதை சாந்திதாஸ் ஜவேரி, முகலாயர் காலத்து இரத்தின வணிகர். சத்ருஞ்சய மலைத் திருத்தலத்தைக் காக்கும் உரிமையைப் பேரரசர் ஷாஜஹானிடமிருந்து பெற்றவர் அவர். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழிந்து, அதே சத்ருஞ்சயத்தைப் பேணும் ஆனந்த்ஜி கல்யாண்ஜி அறநிலையத்தின் தலைமைப் பொறுப்பைக் கஸ்தூர்பாய் ஏற்று, ஏறத்தாழ அரை நூற்றாண்டு வகித்தார். அவர் காலத்தில் ராணக்பூர், தில்வாரா, சத்ருஞ்சயம் ஆகிய தலங்களில் பெருந்திருப்பணிகள் நிகழ்ந்தன. ராணக்பூர்ச் சினாலயமும் பதினைந்தாம் நூற்றாண்டில் தர்ணா ஷா என்னும் வணிகப் பெருந்தகை எடுப்பித்ததே. ஒரு வணிகர் எடுத்த ஆலயத்தை ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் மற்றொரு வணிகர் புதுக்கினார். முனி புண்யவிஜயர் வழங்கிய சுவடித் தொகுதியைக் காக்கத் தம் பாட்டனார் தல்பத்பாயின் பெயரும் தம் தந்தை லால்பாயின் பெயரும் விளங்க எல். டி. இந்தியவியல் நிறுவனத்தை நிறுவினார். ‘எல்’ என்பது லால்பாய். ‘டி’ என்பது தல்பத்பாய். பாட்டன் பெயரைத் தாங்குதல் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. 1980-இல் அவர் மறைந்தார். சுவடிகள் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன.

சேலத்தார் கேட்ட கேள்வியும் கும்பகோணத்தார் காத்த ஏடும்

பெருஞ்செல்வர் மட்டுமே இவ்வாறு செய்ய இயலும் என எண்ண வேண்டுவதில்லை. எளிய இல்லங்கள் செய்த பேருதவி ஒன்று தமிழ் வரலாற்றில் உண்டு. அதன் தொடக்கத்தில் ஒரு சேலத்தார் நிற்கின்றார்.

1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணமும் பாடம் கேட்டிருந்ததைச் சொன்ன இளம் ஆசிரியரிடம், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் வினவினார். படித்ததில்லை என்பதே விடை. பின்னர் முதலியார் சிந்தாமணியின் படியொன்றைக் கொடுத்து, அதனைப் பாடம் சொல்லச் செய்தார். நூலின் சமணக் கருத்துகள் சாமிநாதையருக்குப் புதியன. விளக்கம் தேடி, கும்பகோணத்திலேயே சமணர் வாழும் பகுதிக்குச் சென்றார்.

அவர் சென்ற நாளில் அங்கே வீட்டு வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டப்பட்டிருந்தது. காரணம் கேட்டபோது, ஆறு மாதமாக நடந்துவந்த சிந்தாமணிப் படனம் அன்று நிறைவுற்றது என்று தெரிவித்தனர். அறிஞருலகம் மறந்திருந்த ஒரு பெருங்காப்பியம், சில தெருக்கள் தள்ளி, இல்லறத்தார் வீட்டில் சடங்கோடும் அன்போடும் ஓதப்பட்டு வந்திருக்கின்றது. வீடூர் அப்பாசாமி நயினார், சந்திரநாத செட்டியார் முதலியோர் சாமிநாதையரின் ஐயங்களைத் தீர்த்து வைத்தனர். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியது.

அவ்வில்லங்களில் அந்த ஏட்டை முதலில் எழுதியவர் யாரோ ஒரு பாட்டனார். அதனைப் படித்துப் படித்துத் தேய்ந்தபோது படியெடுத்தவர் மற்றொருவர். பொருள் சொல்லிக் கொடுத்தவர் இன்னொருவர். பனையோலை தானாக நிலைப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக எவரோ அதனை நிலைக்கச் செய்கின்றனர். சாத்திர தானம் என்று முன்னோர் கூறியது இதுவே.

பெயர் மறைந்தால்

இவ்வாறு தொடர்ச்சி அறுந்துபோனால் நிகழ்வது என்ன என்பதற்கும் சேலத்திலேயே சான்று உண்டு. நகரின் பெரியேரிப் பகுதியில் தலைவெட்டி முனியப்பன் என்னும் பெயரில் வழிபடப்பெற்று வந்த திருவுருவம் புத்தருடையது எனத் தொல்லியல் துறை அறிக்கை அளித்தது. அதனை ஏற்று 2022-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அங்கே வழிபட்டு வந்தோர் மேல் குறை கூற ஒன்றுமில்லை. அவர்கள் கைவிடப்பட்ட திருவுருவத்துக்கு விளக்கேற்றியவர்கள். முதலில் அதனை நிறுவியோரின் வழிவந்தவர் எவரும் எஞ்சாமையால் பெயர் மாறிற்று. உண்மையை நிறுவ நூற்றாண்டுகளுக்குப் பின் தொல்லியலாளரும் நீதிமன்றமும் வேண்டியிருந்தது.

தகடூர்ப் பசதிக்கும் இதுவே நேர்ந்தது. நிதியண்ணன் குறித்து வைத்த ஊரின் வருவாய் ஒரு காலத்தில் நின்றது, வழிபடுவோர் அருகினர். கல்லெழுத்து எஞ்சியமையால் பெயர் எஞ்சியது. எழுதப்படாத எத்தனையோ செட்டிகள், எத்தனையோ பொன்வாணிகர் இச்சமவெளியில் வாழ்ந்திருப்பர். அவர்கள் செய்த அறம் அவர்களைப் பொறுத்தவரை பொய்யாகாது. பின்வந்தோர்க்கே அது இழப்பாயிற்று.

இன்று தமிழ்ச் சமணக் குடும்பங்கள் சொந்த ஊரை விட்டுச் சென்னை, பெங்களூரு, அயல்நாடுகள் எனப் பரவியுள்ளன. கிராமத்து வீடு விற்கப்படும்போது பரணிலுள்ள ஏடுகளும், பழைய சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போகின்றன. அவற்றுள் ஒரு பக்கத்தில் கோயில் விளக்கெண்ணெய்க்கு ஆண்டுதோறும் கொடுத்த தொகை இருக்கலாம். மற்றொரு பக்கத்தில், பஞ்ச காலத்தில் தள்ளுபடி செய்த கடன்கள் வரிசையாக இருக்கலாம். தாத்தா இத்தகையவர் என்று பேரன் அறிய வேண்டிய சான்று அங்கேதான் உள்ளது. சுவரிலுள்ள படம் அவர் முகத்தை மட்டுமே காட்டும்.

இல்லந்தோறும் ஒரு கல்வெட்டு

புகழூரிலும் தகடூரிலும் திருமலையிலும் உள்ள கல்வெட்டுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால், மூத்தோர் ஒருவரை நினைவிற் கொள்ள ஐந்து செய்திகள் வேண்டும் என்பது விளங்கும். ஊர், தொழில், பெயர், கொடை, காப்பு என்பன அவை. எங்கிருந்து வந்தார், என்ன தொழில் செய்தார், அவர் பெயரும் அவர் பெற்றோர் பெயரும் யாவை, யாருக்கு எதனைக் கொடுத்தார், அது தொடர்ந்து நடக்க என்ன ஏற்பாடு செய்தார். இவ்வைந்தும் சில வரிகளில் அடங்கும். நத்தியின் வாழ்க்கை ஒரே வரியில் அடங்கி ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாக நிற்கின்றது.

மகாவீரர் வீடுபேறு எய்திய தீபாவளித் திருநாளில் இல்லந்தோறும் விளக்கேற்றுகின்றோர், அன்று குடும்பத்து மூத்தோரை அமரச் செய்து இவ்வைந்தையும் கேட்டு எழுதி வைக்கலாம். பாட்டியிடமும் கேட்க வேண்டும். பாட்டனாரின் கடையில் விலைபோகாத சரக்கு எது, எந்த வாடிக்கையாளர் வீட்டில் திருமணத்துக்குக் கடனாகப் பொருள் சென்றது, பொழுது சாய்வதற்குள் உண்பதற்காக அவர் எவ்வாறு விரைந்து வீடு திரும்பினார் என்பவற்றைப் பெரும்பாலும் பாட்டியே அறிவார். எழுதியதைக் கடையில் படத்தின் கீழே வைக்கலாம். ஒரு படியை ஊர்ச் சினாலயத்தில் வைக்கலாம்.

அதன் பின் செய்ய வேண்டியது விடுகாதழகிய பெருமாள் செய்தது. பாட்டனார் விளக்கு வைத்த கோயிலில் அவ்விளக்கு இன்று எரிகின்றதா என்று சென்று பார்த்தல். அவர் எடுத்த திண்ணையோ கிணறோ சிதைந்திருந்தால் செப்பனிடுதல். அவர் ஓதிய நூலை ஒரு பேரனேனும் ஓதக் கற்றல். புதிதாகப் பெரிய அறம் தொடங்க இயலாதவரும் பழைய அறம் ஒன்றைத் தொடரலாம். அதற்கு ஆகும் செலவும் குறைவு.

பனமரத்துப்பட்டியிலிருந்து ஒரு பகற்பொழுதில் புகழூர்க் குன்றுக்குச் சென்று திரும்பலாம். பள்ளி விடுமுறையில் பேரக்குழந்தைகளை அழைத்துச் சென்று, பாறையில் உள்ள அந்தப் பழைய எழுத்துகளைக் காட்டி, இதில் ஒரு பாட்டன், ஒரு தந்தை, ஒரு பேரன் பெயர் உள்ளது என்று சொன்னால் குழந்தைகள் தம் பாட்டன் பெயரைக் கேட்பார்கள். அப்போது சொல்வதற்கு ஊரும் தொழிலும் கொடையும் தெரிந்திருத்தல் வேண்டும்.